மாடி வீட்டுப் பூச்சிக்காரி

உள்ள வாங்க அம்மிணி. செருப்பு இருக்கட்டும், பரவால்லை. இருங்க, ஃபேனைப் போடறேன். இதுதான் ரூமு. அந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சமையல், இந்தப் பக்கம் பாத்ரூம். தண்ணிக்குக் குறைச்சலே இல்லை, சிறுவாணித் தண்ணி. ஜன்னலைத் தொறந்தா மருதமலை தெரியும். வடவள்ளியில இந்தக் காத்து வேற எந்த வீட்டுலயும் வராதுங்க.

என்னமோ சுவத்துல மண்ணு அப்பியிருக்கேன்னு பாக்கறீங்களா? குளவிக்கூடுங்க. காலிக்கூடுதான், பயப்படாதீங்க. வெள்ளையடிக்க வந்தவன் சொரண்டிரட்டுமாங்கன்னான். தொடக்கூடாதுன்னுட்டேன். சுத்திச் சுத்தி அடிச்சுட்டுப் போயிட்டான். அதனால தான் அப்படித் திட்டுத்திட்டா இருக்குது.

உக்காருங்க. அவசரமா போகோணுமா? இல்லைல்ல. ரூமுக்கு வர்றவங்ககிட்ட இங்க முன்னாடி யாரு இருந்தாங்கன்னு சொல்லிப்போடறது என்ற வழக்கம். அப்பறம் தெருவுல யாராச்சும் ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்லுவாங்க. பூச்சிக்காரி வீடும்பாங்க. நானே சொல்லீட்டா ஆச்சு.

என்ற பேரு சம்பூர்ணம். வீட்டுக்காரர் மில்லுல மேஸ்திரியா இருந்தாரு, போய்ச் சேந்துட்டாரு. ஒரே பையன், ஓமன்ல இருக்கறான். கீழ நான் ஒருத்திதான். மேல சும்மாதானே கெடக்குதுன்னு வாடகைக்கு விட்டேன். அப்பத்தான் வான்மதி வந்தா.

ஒத்தைப் பொம்பளை. முப்பது வயசு இருக்கும். கையில ஒரே ஒரு பை. ஆர்.எஸ்.புரத்துல ஒரு கண்ணாடிக் கடையில வேலைன்னா. மூக்குக்கண்ணாடி விக்கற கடைங்க. கழுத்தைப் பாத்தேன், ஒண்ணும் இல்லை. கல்யாணம் ஆச்சான்னு கேட்டேன். ‘இல்லைங்கம்மா’ன்னு தலையைக் குனிஞ்சுட்டே சொன்னா. நானும் நம்பிட்டேன். அன்னைக்குப் படியேறிப் போறப்ப ஒரு வார்த்தை சொன்னா. ‘யாராவது என்னைக் கேட்டு வந்தா, அப்படி யாரும் இங்க இல்லைன்னு சொல்லிடுங்கம்மா.’ எங்கயாச்சும் குழுவுல கடன் வாங்கியிருப்பா, பாவம்னு நெனச்சுக்கிட்டு, ‘சரி கண்ணு, சொல்லிப்போடறேன்’னேன்.

சத்தம் கெடையாது, ஒறம்பரை சொறம்பரைன்னு வந்து போற சொந்தக்காரங்க கெடையாது. ஆனா ஒரே ஒரு கெரகம். பூச்சியைக் கண்டா விட மாட்டா. லீவு நாளு வந்தா அந்த மொட்டை மாடியில குப்புறப் படுத்துக்கிடப்பா. என்னடான்னு ஓடிப்போயிப் பாத்தா, எறும்பைப் படம் எடுத்துட்டு இருக்கறா! பாத்ரூம் சுவத்துல கறுப்பாக் குட்டிக் குட்டியா ஒக்காந்திருக்குமே ஈயாட்ட, அதுக்கு முன்னாடி போனை வெச்சுட்டு மூச்சுக் கூட விடாம நிப்பா. அது றெக்கைய விரிச்சா சீட்டுக்கட்டு ஆட்டீன் மாதிரியே இருக்குமுங்க, தெரியுமா? எனக்கும் அவ காட்டித்தான் தெரியும். பினாயிலை ஊத்தி ஊத்திக் கழுவினவ நானு, ஒரு நாளாச்சும் குனிஞ்சு பாத்திருப்பனா?

ஒருக்கா ஒட்டடை அடிக்கலாம்னு சீமாறு எடுத்துட்டு மேல வந்தேன். சுவத்துல அரிசியாட்டமா சாம்பக்கலருல ஒண்ணு ஒட்டீட்டு இருந்துச்சு. எல்லார் ஊட்டுலயும் இருக்கும். குப்பைன்னு தட்டி விட்டுருவோம். நான் சீமாறை ஓங்கறேன், இவ ஓடிவந்து கையைப் புடிச்சுக்கிட்டா.

“அடிக்காதீங்க சம்பூர்ணம்மா. ஒரு நிமிஷம்.”

“எதை? இந்தக் குப்பையையா?”

“குப்பை இல்லைங்கம்மா. உள்ள ஆள் இருக்கு.”

கடையில இருந்து ஒரு சின்ன லென்சு வாங்கிட்டு வந்து போன்ல மாட்டி வெச்சிருப்பா. அதுல காட்டினா. ஐயோ சாமி! அந்தப் பையில இருந்து ஒரு புழு தலையை நீட்டுது. நீட்டி, சுவத்தைக் கவ்வி, ஊட்டையும் சேத்து இழுத்துட்டு நடக்குது. நான் கல்யாணமாகி வந்த நாள்லருந்து எத்தனையைக் கூட்டித் தள்ளியிருப்பேன்! தூசி, தலைமுடி, ஒட்டடை, நாம கழிச்சுப் போடறதை எல்லாம் வெச்சே ஊடு கட்டிக்குமாம். இன்னொண்ணு சொன்னா. அதோட ஊட்டுக்கு ரெண்டு பக்கமும் வாசலாம். இந்தப் பக்கம் யாராச்சும் வந்து நின்னா அந்தப் பக்கமாத் திரும்பித் தலையை நீட்டிக்குமாம்.

“கெட்டிக்காரப் புழுதான்”னேன்.

“ரெண்டு வாசல் வெச்சுக் கட்டத் தெரிஞ்சிருக்கு பாருங்கம்மா”ன்னு அதையே பாத்துட்டு நின்னா.

அதுக்குன்னு ஒரு ஆப் இருக்குதுங்க. நீங்க பாத்திருக்க மாட்டீங்க. பூச்சியைப் படம் எடுத்து அதுல போட்டா, எங்கெங்கயோ இருக்கறவங்க எல்லாம் பாத்துட்டு இது இன்ன பூச்சின்னு பேரு சொல்லுவாங்க. இவ அதுல சொந்தப் பேருகூட வெக்கலை. வேற ஏதோ பேரு. ஊரும் தெரியாம மறைச்சு வெச்சிருந்தா. ‘இத்தனை அழகா எடுத்துப்போட்டு எதுக்கு கண்ணு திருட்டுத்தனமாப் போடறே? நாலு பேருக்குத் தெரியட்டுமே’ம்பேன். சிரிச்சுட்டு அடுத்த படத்தைப் போடுவா.

அப்பறம் எனக்கும் அந்தக் கிறுக்குப் புடிச்சுக்கிச்சு. மறைக்க என்ன இருக்குது? பொழுதன்னிக்கும் டிவியைப் பாத்துட்டுக் கெடந்தவ, செடி செடியாத் தலைகீழாப் பாத்துட்டுத் திரிய ஆரம்பிச்சுட்டேன். என்ற கண்ணு கிட்டத்துல இருக்கறதை நல்லாப் பாக்கும். தூரத்துல இருக்கறதுதான் தெரியாது. அவளே கடைக்குக் கூட்டீட்டுப் போயி டெஸ்ட்டு பண்ணிக் கண்ணாடி போட்டுக்குடுத்தா. நான் போட்டுக்கறதில்லை, மூக்கை அழுத்துது. செம்பருத்தி எலைக்கு அடியில, தலைமுடி மாதிரி காம்பு நட்டு, நுனியில வெள்ளையா ஒவ்வொரு முட்டை. அதை முதல்ல கண்டுபுடிச்சது நாந்தானுங்க. ‘மதீ, ஓடியா, ஓடியா’ன்னு கத்தறேன். அவ சோத்துக் கையோட ஓடிவந்தா. மண்டி போட்டுப் பாத்துட்டு, ‘சம்பூர்ணம்மா, நான் ஒரு வருஷமா இதைத் தேடிட்டு இருந்தேன்’னு என்னைக் கட்டிப்புடிச்சுக்கிட்டா. சோத்துக்கையோடவே. சேலையெல்லாம் ரசம். என்ற பையன்கூட என்னை அப்படிக் கட்டிப்புடிச்சதில்லை.

முருங்கை மரத்துல கம்பளிப்பூச்சி அடையாட்டம் அப்பிக்குமுங்க. வருஷா வருஷம் பந்தம் கட்டிக் கொளுத்துவேன். அந்த வருஷம் கொளுத்த விடலை. எனக்குக் கோவம். கையெல்லாம் தடிச்சுப்போச்சு, அரிப்புன்னா அரிப்பு. ரெண்டு நாள் பேசலை அவகிட்ட. அவதான் வெண்ணெய் கொண்டாந்து தடவி விட்டா. தடவறப்பத்தான் கவனிச்சேன், இடது கையிலயே எல்லாம் பண்றா. போனைப் புடிக்கறதும் இடது கைதான். வலது மணிக்கட்டு திரும்பவே இல்லை, ஏதோ கோணலாக் கூடிப்போன மாதிரி.

“என்ன கண்ணு ஆச்சு கையில?”

“விழுந்துட்டேன்மா.”

“எங்க?”

“வீட்டுல.”

பாத்ரூமுல வழுக்கியிருக்கும். நான் கூட ஒருக்கா அப்படி விழுந்தேன். எலும்பு கட்டறவர்கிட்டப் போயிருந்தா சரியாப் போயிருக்கும், இந்தக் காலத்துப் புள்ளைக எங்க போகுது? அதைச் சொன்னேன். ‘ஆமாம்மா, போயிருக்கணும்’னா.

அப்பறம் பொங்கல் நோம்பி வந்துச்சு. எங்க நகர்ல சங்கம் இருக்குது, வருஷா வருஷம் பார்க்குல கோலப்போட்டி, உறியடி எல்லாம் வெப்பாங்க. எனக்கு ஒரு யோசனை. மதி எடுத்த படமெல்லாம் நான் பாக்கறதுக்குன்னு என்ற போன்லயும் போட்டுக் குடுத்திருந்தா. அதை ஸ்டுடியோவுக்குக் கொண்டுட்டுப் போயி, பெருசு பெருசாப் பிரிண்டு போட்டுட்டேன். அவகிட்டச் சொல்லலை. சொன்னா வேண்டாம்பா, கூச்சக்காரி. பார்க்குல கயிறு கட்டி வரிசையாத் தொங்க விட்டோம். ஐயோ, அந்தக் கும்பிடுபூச்சி ஒண்ணு கழுத்தைத் திருப்பி நம்மளையே பாக்கும் பாருங்க, சனம் நவுரவே இல்லை! பெரிய எழுத்துல போர்டும் வெச்சேன். ‘படங்கள்: வான்மதி, சம்பூர்ணம் இல்லம், வடவள்ளி.’ அவளுக்குன்னு ஒரு பேரு வேண்டாமுங்களா? ஊரு பூராம் பூச்சிக்காரி பூச்சிக்காரின்னு சிரிச்சாங்களே, அவிய எல்லாம் வாயைப் பொளந்துட்டு நின்னாங்க.

பேப்பர்க்காரத் தம்பி ஒருத்தர் வந்திருந்தாரு. படம் எடுத்தவங்க போட்டோ ஒண்ணு வேணும்னாரு. மதி வேலைக்குப் போயிட்டா. ஆனா என்ற போன்ல ஒண்ணு இருந்துச்சு. எலுமிச்சைச் செடிகிட்ட ஒக்காந்து எதையோ பாத்துட்டு இருக்கறப்ப அவளுக்குத் தெரியாம நான் எடுத்தது. பாதி முகம் வெயில்ல, சிரிச்ச முகமா. அதைக் குடுத்தேன். ஊரு, தெரு, கண்ணாடிக் கடை எல்லாம் கேட்டாரு, வெவரமாச் சொன்னேன்.

மக்கா நாள் காலையில பேப்பர்ல வந்துருச்சுங்க! நான் படியேறி இந்த ரூமுக்கு ஓடிவர்றேன். மூச்சு வாங்குது. ‘பாரு கண்ணு, பாரு’ன்னு கையில குடுத்தேன். பாத்தா. பாத்துட்டு அப்படியே அந்த மூலையில தரையில ஒக்காந்துட்டா.

“இது கோயமுத்தூர்ல மட்டும் வருமாம்மா? இல்ல, எல்லா ஊர்லயும் வருமா?”

“எல்லா ஊர்லயும் வரோணும்னுதான் மருதமலையானை வேண்டிக்கிட்டேன். ஏன், உனக்கு என்ன கொறைச்சல்?”

அழுதா பாருங்க, ஒரு அழுகை. சந்தோஷத்துல சிலருக்கு அப்படித்தான். என்ற வீட்டுக்காரர்கூட பையன் பாசான அன்னைக்குக் குலுங்கிக் குலுங்கி அழுதாரு. நானும் அவகூட ஒக்காந்து அழுதேன்.

ஆனா எனக்குப் பொறுக்காதது அதுக்கப்பறந்தான். சாயங்காலமே பையை எடுத்து வெச்சுட்டா. வேற ஊருக்குப் போறேங்கறா. பேரு வந்ததும் தலைகால் புரியலை போலிருக்குதுன்னு எனக்கு வந்துச்சே கோவம்! ‘நான் உனக்கு என்னடி கொறை வெச்சேன்? பெத்த புள்ளையாட்டம் வெச்சிருந்தேனே’ன்னு கத்தீட்டேன். அவ என்ற காலைப் புடிச்சுட்டு, ‘உங்க மேல ஒரு கோவமும் இல்லைம்மா, நான் இங்க இருக்கக்கூடாது’ங்கறா. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்குத் தெரியாதா? நான் என்ன சோசியக்காரியா? அதுதானுங்க அம்மிணி எனக்கு அவ மேல இருக்கற வருத்தம். இன்னைக்கு வரைக்கும்.

அந்த ஆத்திரத்துலயோ என்னமோ எனக்குக் காய்ச்சல் வந்துருச்சு. சும்மா இல்லை, தூக்கித் தூக்கிப் போடுது. கையில பையோட கீழ எறங்கினவ, என்னைத் தொட்டுப் பாத்துட்டு, பையை அப்படியே வெச்சுட்டா. ஈரத்துணி போட்டா, கஞ்சி வெச்சா, டாக்டர்கிட்ட ஆட்டோவுல கூட்டீட்டுப் போனா. ‘நீ போறதுன்னா போ, நான் செத்தா யாருக்கென்ன’ன்னேன். ‘காய்ச்சல் விட்டதும் போறேம்மா’ன்னா. நல்ல மனசுங்க. அதை நான் எங்கயும் சொல்லுவேன்.

காய்ச்சல் விட்ட அன்னைக்குத்தான் அவரு வந்தாரு.

வெள்ளைச் சட்டை, நெத்தியில துண்ணூறு, கையில ஆப்பிளும் மாதுளையுமா ஒரு பை. பேப்பரை மடிச்சு அக்குள்ள வெச்சிருக்கறாரு. வந்தவர் சடார்னு என்ற கால்ல விழுந்துட்டாரு. பேரு முகுந்தனாம். விருத்தாசலத்துல ஜவுளிக்கடை. ‘வான்மதி என் சம்சாரம்மா. சொல்லாம கொள்ளாம வந்துட்டா. எங்கம்மா படுத்த படுக்கையா கெடக்காங்க. அவளுக்குக் கொஞ்சம் மனசு சரியில்லை. பூச்சி பூச்சின்னு திரியறா பாருங்க, அதுவே ஒரு வியாதிதான். டாக்டர்கிட்ட காட்டணும். உங்க மக மாதிரி நெனச்சு எனக்குத் திருப்பிக் குடுங்கம்மா’ன்னு தேம்பித் தேம்பி அழறாரு. ஆம்பளை அழுது நான் பாக்க முடியுமுங்களா?

யாராச்சும் வந்தா இல்லைன்னு சொல்லுன்னுதான் அவ சொன்னா. நான் மறக்கலை. ஆனா அவ சொன்னது யாராச்சும்னு. புருசன் யாராச்சுமா? நீங்களே சொல்லுங்க.

ஒக்காருங்க மாப்பிள்ளைன்னு காபி போட்டுக் குடுத்தேன். குடிச்சுட்டே சுவத்தைப் பாத்தாரு. அந்த சாம்பக்கலர்ப் புழு ஒண்ணு, ஊட்டை இழுத்துட்டு மெதுவாப் போயிட்டு இருந்துச்சு. பேச்சு பேச்சாவே கட்டைவிரலை வெச்சு நசுக்கி, என்ற சோபாவுல தொடைச்சாரு. எனக்கு சுருக்குன்னுச்சு. அட, தெரியாதவங்க அப்படித்தான், நானே எத்தனை நசுக்கியிருப்பேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

மதி பின்னாடி எலுமிச்சைகிட்ட இருந்தா. போறதுக்கு முன்னாடி கடைசியா ஒருக்கா பாத்துக்கறேன்னு போயிருந்தா. ‘மதீ, யாரு வந்திருக்காங்கன்னு வந்து பாரு’ன்னு கூப்பிட்டேன். சிரிச்சுட்டேதான் வந்தா. வாசப்படியில நின்னா. அவரைப் பாத்தா. அப்பறம் என்னைப் பாத்தா.

அந்தப் பார்வையைப் பத்தி நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஏன் அப்படிப் பாத்தான்னு எனக்கு இன்னும் வெளங்கலை.

கத்தலை, கலாட்டா பண்ணலை. போன்ல இருந்து லென்சைக் கழட்டி, முந்தானையில தொடைச்சு, அதோட டப்பியில வெச்சு மூடினா. ‘ரெண்டு நிமிஷம், பையை எடுத்துட்டு வந்துடறேன்’னா. அவரு எந்திரிச்சு, ‘நானும் வர்றேன்’னு அந்த வலது மணிக்கட்டைப் புடிச்சுக்கிட்டாரு. பிரிஞ்சிருந்த புருசன் பொண்டாட்டி. நான் அக்கட்டாலே ஒதுங்கிட்டேன்.

சும்மா அனுப்பலைங்க. பொண்ணை அனுப்பற மாதிரிதான் அனுப்பினேன். தட்டத்துல ரவிக்கைத்துணி, வாழைப்பழம், வெத்தலை பாக்கு எல்லாம் வெச்சு, நெத்தியில குங்குமம் வெச்சேன். நெத்தி ஐஸாட்டமா சில்லுன்னு இருந்துச்சு. ஒரு வார்த்தை பேசோணுமில்ல? போயிட்டு வர்றேன்னு சொல்லோணுமில்ல? காருல ஏறப்போறப்ப திரும்பி, ‘எலுமிச்சையில ஒரு புழு இருக்கும்மா. ரெண்டு நாள்ல கூடு கட்டும். மருந்து அடிச்சுராதீங்க’ன்னா. அவ்வளவுதான். இத்தனை நாள் சோறு போட்ட எனக்கு அவ சொன்னது அது ஒண்ணுதான்.

தெருவே பாத்துச்சு. ஒரு குடும்பத்தைச் சேத்து வெச்சுட்டீங்கன்னு எதிர்வீட்டு அம்மா கையைப் புடிச்சுக்கிட்டாங்க. நானும் மருதமலைக்குப் போயி ஒரு தேங்கா ஒடைச்சுட்டு வந்தேன்.

மாசி மாசத்துல ஒரு போன். புது நம்பர். மதிதான். குரலு ரொம்ப மெதுவா, பக்கத்துல யாருக்கும் கேக்கக்கூடாதுங்கற மாதிரி.

“சம்பூர்ணம்மா, அந்தக் கூட்டுல இருந்து பட்டாம்பூச்சி வந்துச்சா?”

“வந்துச்சு கண்ணு. கறுப்பும் மஞ்சளுமா, என்ற உள்ளங்கை அகலம். நீ இருந்து பாத்திருக்கோணும். நல்லா இருக்கறயா? மாமியா எப்படி இருக்காங்க?”

அதை விட்டுட்டு வேற கேட்டா. “மேல ரூமு காலியாத்தான் இருக்காம்மா?”

அம்மிணி, அப்பக் காலியாத்தான் இருந்துச்சு. ஆனா நான் என்ன நெனச்சேன்? ஏதோ சின்னச் சண்டை, வந்துரலாம்னு பாக்கறா. பெரியவங்க நாம இடம் குடுக்கக்கூடாது, குடுத்தா பொழப்புக் கெட்டுப்போயிரும்னு நெனச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தான நெனப்பாங்க? அதனால, “இல்லையே கண்ணு, வேற ஆளு வந்தாச்சு. நீ எதுக்கு ரூமைப் பத்தி யோசிக்கறே? அங்கயே அனுசரிச்சு இரு, எல்லாம் சரியாப் போயிரும்”னேன்.

“சரிம்மா”ன்னா.

அதோட லைன் கட் ஆயிருச்சு. திருப்பிக் கூப்பிட்டேன், எடுக்கலை. அந்த நம்பர் அப்பறம் போகவே இல்லை.

சித்திரை போச்சு, வைகாசி போச்சு. அந்த ஆப்புல அவ பேருல ஒரு படமும் புதுசா வரலை. கண்ணாடிக் கடையில அவகூட வேலை செஞ்ச புள்ளை பாத்துச் சொல்லுச்சு. கடைசியாப் போட்டது நம்ம எலுமிச்சைப் புழுதானாம். எனக்கு மனசு கேக்கலை. ஆனியில ஒரு நாள் விருத்தாசலத்துக்கு பஸ் ஏறிட்டேன். ஜவுளிக்கடை முகுந்தன்னு சொன்னதும் வீட்டைக் காட்டிட்டாங்க.

கதவைத் தொறந்தது அவரோட அம்மா. படுத்த படுக்கைன்னாரே, அந்தம்மாதான். நல்லா நடமாடிட்டு இருந்துச்சு. மருமக வந்து கவனிச்சுக்கிட்டதுல தேறியிருக்கும். நான் யாருன்னு சொன்னேன். மதி இருக்கறாளான்னு கேட்டேன். ‘இல்லை’ன்னுச்சு. எப்ப வருவான்னேன். அந்தம்மா உள்ள வாங்கன்னுகூடச் சொல்லலை. கதவிடுக்குல பாத்தேன். கூடத்துச் சுவத்துல ஒரு போட்டோ, கீழ சின்ன செவப்பு பல்பு எரியுது. மாலை போட்டிருந்துச்சு, புது மாலை. யாரு படம்னு தெரியலை. நாந்தான் கண்ணாடியைக் கொண்டுட்டுப் போகலையே. அவரோட அப்பாவா இருக்கும். பொம்பளை மாதிரித்தான் தெரிஞ்சுச்சு, ஆனா அத்தனை தூரத்துல என்ற கண்ணை நம்ப முடியாதுங்க. கதவைச் சாத்திட்டாங்க.

தெருவுல எறங்கி நடக்கறேன், பக்கத்து வீட்டுப் புள்ளை ஒண்ணு பின்னாலயே ஓடிவந்துச்சு. இடுப்புல கொழந்தை.

“கோயம்புத்தூர்ல இருந்தா வரீங்க? சம்பூர்ணம்மாவா?”

“ஆமா கண்ணு. உனக்கெப்படித் தெரியும்?”

“மதி அக்கா சொல்லும். என் போன்லதான் உங்களுக்கு ஒரு தடவை பேசுச்சு. அதுக்கப்புறம் என் வீட்டுக்காரரை அந்த வீட்டு ஆளுங்க மிரட்டிட்டாங்க, நம்பரையே மாத்திட்டோம். எலுமிச்சை மரம் இருக்கற வீடு, அங்க போயிட்டா போதும்னு சொல்லும்.”

“இப்ப மதி எங்க கண்ணு?”

அந்தப் புள்ளை என்ற மூஞ்சியையே பாத்துச்சு. கண்ணுல தண்ணி.

“போயிடுச்சும்மா. பங்குனியில போயிடுச்சு.”

“எங்க போச்சு?”

அதுக்குள்ள அந்த வீட்டுல இருந்து யாரோ எட்டிப் பாத்தாங்க. அந்தப் புள்ளை வாயைப் பொத்திட்டு, அழுதுட்டே உள்ள ஓடிருச்சு. தெருவுல யாருமே என்ற முகத்தைப் பாக்கலை. நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அதையேதான் யோசிச்சுட்டு வந்தேன்.

போயிட்டான்னா போயிட்டாதான். முன்னாடி ஒருக்கா அந்த வீட்டை விட்டுக் கெளம்பினவதானே? மறுக்காவும் கெளம்பிட்டா. இப்ப வேற ஊரு, வேற பேரு. யாருகிட்டயும் சொல்லியிருக்க மாட்டா, அவ சுபாவம் அப்படி. சொல்லாமக் கொள்ளாமப் போறது அவளுக்கு வழக்கம். என்ற பையன் வேற மாதிரிப் பேசறான். அந்தக் கண்ணாடிக் கடைப் புள்ளையும் எதையோ விசாரிச்சுட்டு வந்து சொல்ல வந்துச்சு. ‘எனக்கு எல்லாம் தெரியும், நீ சும்மா இரு’ன்னுட்டேன். அவியளுக்கு மதியை என்ன தெரியும்?

நான் ஒரு காரியம் பண்ணினேன். அந்தக் கடைப் புள்ளைகிட்டச் சொல்லி என்ற போன்லயும் அந்த ஆப்பைப் போட்டுக்கிட்டேன். இப்ப நானே படம் எடுத்துப் போடறேன். கை நடுங்கும், பாதிப் படம் மங்கல்தான். ஆனா ஊரை மறைக்கறதில்லை. வடவள்ளின்னு தெளிவா இருக்கும். ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் எழுதறேன், ‘மேல் ரூம் காலியாக இருக்கிறது.’ பூச்சிக்கும் ரூமுக்கும் என்னம்மா சம்பந்தம்னு ஒருத்தர் கேட்டாரு. பெங்களூர்ல இருந்து இன்னொருத்தர், அது இன்ன வண்டுன்னு பேரு சொல்லீட்டு, வாடகை எவ்வளவுன்னும் கேட்டிருந்தாரு. நான் யாருக்கும் பதில் போடறதில்லை. அவ கண்ணுல பட்டாப் போதும். பூச்சிப் படம்னா எந்த ஊர்ல இருந்தாலும் பாக்காம இருக்க மாட்டா.

உங்களுக்கு ரூம் புடிச்சிருக்குதுன்னு முகத்துலயே தெரியுது. நல்ல புள்ளையாவும் தெரியறீங்க. ஆனா குடுக்க முடியாதுங்க அம்மிணி, கோவிச்சுக்காதீங்க. காலியாப் போட்டு வெக்காதேன்னு பையன் போன்ல கத்தறான், அதுக்காகத்தான் வர்றவங்களுக்கெல்லாம் தொறந்து காட்டறது. கீழ வாங்க, ஒரு வாய் காபி குடிச்சுட்டுப் போங்க. ரெண்டு தெரு தள்ளி இன்னொரு வீடு இருக்குது, நானே கூட்டீட்டுப் போறேன்.

நீங்க எதுக்குங்க கண்ணைத் தொடைக்கறீங்க? தூசி விழுந்துருச்சா? இந்தப் பக்கம் காத்து கொஞ்சம் அதிகம். இருங்க, ஜன்னலைச் சாத்தறேன்.